ஆம்பற்கழிக் கரையில் யானை நடக்கலாகாது

திரு நிலைக்க. கடல் தன் எல்லையிலும் அரசு தன் சொல்லிலும் நிற்க.

வெண்சங்க நாடாளும் கோமான், கலம் காத்த குலத்து உதித்தவர், ஓதம் அடக்கிய உரவோர், அண்மையில் வணிகச் சபையார் சூட்டிய பட்டத்தால் எழுநிலை மாடம் எடுத்தருளிய தேவர் என்றும் அழைக்கப்பெறும் வானவிறல் பெருமாளின் அவையில், அவர் தந்தையார் காலம் தொட்டுக் கரைக்காவல் அமைச்சராயிருந்த காரி நக்கனார், ஆம்பற்கழி நாடுடையாரும் உப்பளத்துக்கு உரியவரும் தம் தங்கை நீலப்பிராட்டியின் கொழுநருமாகிய மைத்துனர் கூத்தன் வேழவரையர்க்கு விடுக்கும் ஓலை.

ஆம்பற்கழியின் ஓடங்கள் பழுதின்றிக் கரை சேர்க. உப்பளங்களில் வெள்ளை விளைக. அலையாத்திக் காட்டில் நண்டும் நாரையும் பெருகுக. உமது குடை நிழலில் குடிகள் கவலையற்றிருக்க. தங்கையும் மக்களும் நோயின்றி வாழ்க. இவ்வாழ்த்துகளில் பெரும்பாலானவை பலிப்பதும் பலிக்காததும் இப்போது உமது கையிலேயே இருப்பதால், இவற்றை இதற்கு மேல் நீட்டாமல் கரைக்காவலர் செய்திக்கு வருகிறார்.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. வெண்சங்க நாட்டுச் சங்குதுறையில் எழுநிலை மாடங்களை எழுப்பிய அதே வணிகச் சபையார் உமது கழிமுகத்திலும் அவ்வாறே எழுப்ப வேண்டி வந்திருப்பதாகவும், வருகிற முழுநிலா நாளில் பிடியானையை நடத்தி அந்நிலத்தை அவர்களுக்குத் தாரை வார்க்க இருப்பதாகவும் எழுதியிருந்தீர். அந்தக் கழிமுகம் தங்கைக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த சீதனம். சீதன நிலத்தைக் கைமாற்றுவதாயின் பெண்ணின் அண்ணன் வந்து யானையின் கயிற்றைப் பிடித்து எல்லை முழுதும் நடக்க வேண்டும் என்பது இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கு ஆகையால், கரைக்காவலர் எழுந்தருளிக் கயிறு பிடிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர். கடைசி வரியில், போகிற போக்கில் கேட்பது போல, சங்குதுறையில் காரியம் எப்படி முடிந்தது என்பதையும் உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லியிருந்தீர்.

உமது வினாவுக்கு அரண்மனையிலிருந்து முன்பே ஒரு விடை எழுதப்பட்டுவிட்டது. அதுவும் இதே தூதர் கையில்தான் வருகிறது. பட்டுநூல் கட்டி, அரக்கு வைத்து, பெருமாளின் சுறாமீன் முத்திரை பொறித்த அந்த ஓலையில் சங்குதுறை பொன்னால் வேய்ந்த ஊராகிவிட்டதாக எழுதியிருக்கும். எழுத்து மிக அழகு. அரண்மனை எழுத்தர் கைதேர்ந்தவர். அதில் பொய் என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது முதல் வரியில் தொடங்கி முத்திரைக்குச் சற்று மேலே முடிகிறது. அந்த ஓலையின் அடியில் கரைக்காவலரும் கையெழுத்திட வேண்டும் என்பது கட்டளை. அவர் இடவில்லை. இட மறுத்தவர் எழுதும் ஓலை இது.

நடந்தது இதுதான். வணிகச் சபைத் தலைவர் சேந்தன் பொற்கிழார் சந்தன மரத்தில் செதுக்கிய சிறு மாடங்களை ஒரு வெள்ளித் தட்டில் அடுக்கி அவைக்குக் கொண்டுவந்தார். கடற்கரையில் படகு இழுத்துப் போடும் இடம், வலை உலர்த்தும் மணல், கருவாடு காயும் திட்டு எல்லாம் நாற்றமடிக்கும் வீணிடம் என்றும், அங்கே இத்தகைய எழுநிலை மாடங்கள் நின்றால் கடலோடி வரும் செல்வர் யாவரும் சங்குதுறையிலேயே தங்கிவிடுவர் என்றும், இதற்குப் பண்டாரத்திலிருந்து ஒரு காசும் வேண்டியதில்லை என்றும் அவர் எடுத்துரைத்தார். மாடங்களில் குடியேறுவோர் பின்னாளில் செலுத்தப்போகும் வரியை மட்டும் சபையின் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் போதுமாம். அது செலவை ஈடுகட்டாத காலம் வந்தால் குறைவதை மட்டும் பெருமாள் தரவேண்டுமாம். அந்த மட்டும் என்ற சொல்லை அவர் மிக மெதுவாகச் சொன்னார். அவையோ அதற்குள் சந்தன மணத்தில் மயங்கிக் கிடந்தது.

கட்டாத வீட்டில் வராத குடி கொடுக்காத வரியை எந்தத் தராசில் நிறுப்பது என்று கரைக்காவலர் கேட்டார். அவை சிரித்தது. கடலைப் பார்த்துப் பார்த்து அமைச்சருக்குக் கண்ணில் உப்புப் படிந்துவிட்டது, கரைக்கு அப்பால் இருப்பது தெரியவில்லை என்று பண்டார அமைச்சர் சொன்னார். பெருமாளும் சிரித்தார். சிரித்த பின்பு தட்டிலிருந்த மாடங்களில் மிக உயரமானதை எடுத்துத் தம் அரியணைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டார். அப்போதே காரியம் முடிந்தது. பிறகு நடந்த ஆலோசனைகள் எல்லாம் கண்துடைப்பு.

யானை நடக்கும் வழக்கு நீர் அறிந்தது. பிடியானை எந்த நிலத்தைச் சுற்றி நடந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறதோ அந்த நிலம் முழுதும் பெறுவோர்க்கு உரியது. அதில் மேடு பள்ளம், முள், புதர், நீர் எது கிடந்தாலும் அவற்றை நீக்கி, காலூன்றி நிற்கத்தக்க உலர்ந்த தரையாக ஒப்படைப்பது கொடுப்போர் கடமை. வயலும் காடும் கொடுத்த முன்னோர் செய்த வழக்கு அது. அலைவாய்க் கரையை யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை என்பதால் கடலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பொற்கிழாரின் சோதிடர் முழுநிலா நாளில் உச்சிவேளைக்குச் சற்று முன்பாக நல்ல நேரம் குறித்துக் கொடுத்தார். அரண்மனைச் சோதிடரும் பஞ்சாங்கத்தைப் புரட்டி, கோள்கள் இடம் சரி, நேரம் சரி என்று தலையாட்டினார். இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் கடலையும் பார்த்திருக்கிறார்.

முழுநிலா நாளில் சங்குதுறைக் கடல் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு வற்றும். யானை புறப்பட்ட வேளை வற்றலின் கடைசி வேளை. கடல் வெகுதூரம் பின்வாங்கி, நாள்தோறும் நீருக்கடியில் கிடக்கும் சேறு வெயிலில் பளபளத்தது. இளவரசர் கயிறு பிடித்தார். சங்கும் தாரையும் முழங்க, யானை பூங்காலி ஈரச் சேற்றின் குளுமையைக் கண்டதும் இழுக்காமலே அதை நோக்கிப் போனது. யானையை யார் குறை சொல்ல முடியும். அது சேற்றில் துதிக்கையால் அளைந்துகொண்டு, படகுகள் நங்கூரமிடும் பள்ளத்தையும் வளைத்துச் சுற்றித் திரும்பியபோது அவையோர் பூத்தூவினர். மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உட்பட என்று வழக்கப்படி ஓலையில் எழுதினார்கள். மாலையில் கடல் ஏறிற்று. தானம் செய்த நிலத்தில் பெரும்பகுதி நீருக்கடியில் போனது. மறுநாள் பொற்கிழார் அவைக்கு வந்து, தமக்கு உரிய உலர்ந்த தரை எங்கே என்று பணிவாகக் கேட்டார்.

கடலைத் தூர்த்துக் கொடுக்கப் பண்டாரத்தில் பொன் இல்லை. ஆனால் கரைக்காவலர் பொறுப்பில் வேறொரு பொன் இருந்தது. அது வலைக்குடியினர் ஒவ்வொரு மீன்பாட்டிலும் ஒரு பங்கு மீனை விற்றுச் சேர்த்த அலைதாங்கிப் பொன். தங்கள் தெருவைப் பெருமழைக்கால அலையிலிருந்து காக்க ஒரு கற்சுவர் எழுப்ப வேண்டும் என்று பெருமாளின் தந்தையார் சொல்ல, அவர் சொல்லை நம்பி ஆண்டாண்டாகக் கொடுத்து வந்தார்கள். கற்கள் கூட மலையிலிருந்து வெட்டி வந்து துறையில் அடுக்கியாகிவிட்டது. அந்தப் பொன்னும் அந்தக் கல்லும் மாடங்களுக்கு அடியில் போக வேண்டும் என்று பண்டார அமைச்சர் அவையில் மொழிந்தார்.

கரைக்காவலர் பெட்டகத்தின் திறவுகோலைக் கொடுக்க மறுத்தார். வலைக்குடித் தலைவி பேராச்சி, கணவன் கடலில் போன பிறகு தானே துடுப்பெடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவள், அவைக்கு வந்து நின்றாள். அவள் சொன்னதை அவை எழுத்தர் எழுதிக்கொள்ளவில்லை. ஆகவே இங்கே எழுதப்படுகிறது. மீன்ல பங்கு பிரிச்சு வெச்சது நாங்க, கல்லு வெட்டக் குடுத்தது நாங்க, அந்தக் கல்லு எங்க வீட்டு முன்னால நிக்கணும்னு கேக்குறது பேராசைன்னா அந்தப் பேராசை எங்களுக்கு இருக்கு சாமி என்றாள். அதற்குப் பண்டார அமைச்சர், கரை என்பது ஒன்றே, கல் கரையில் எங்கே கிடந்தாலும் கரையைத்தான் காக்கும், எனவே இரண்டும் ஒரே பணி என்று விடை கூறினார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிறு கூச்சம் கூட இல்லை. பெருமாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திறவுகோல் இல்லாமலே பெட்டகத்தைத் திறக்கக் கொல்லர் வந்தார்.

மாடங்கள் எழுந்தன. அவை அழகில்லை என்று சொன்னால் அதுவும் பொய். கடலில் வெகுதூரத்திலிருந்தே தெரியும், காலை வெயிலில் சுதை வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். தூரதேசத்துச் செல்வர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிலையை விலை கொடுத்து வாங்கினர். வாங்கிப் பூட்டிவிட்டுப் போயினர். விலை ஏறும்போது விற்பதற்காக வாங்கியவர்கள் எதற்காகக் குடியிருக்க வேண்டும்? நம் நாடுகளில் வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் குடியேறியதாகக் கணக்கு; குடியேறினால்தான் வரி. பூட்டிய வீட்டுக்கு வரி இல்லை. அவர்கள் அடுப்பு மூட்டவில்லை, வரி பிறக்கவில்லை, எழுதிக் கொடுத்தபடி குறைவதை மட்டும் பெருமாள் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அந்த மட்டும் என்பதற்கு இப்போது உப்புக்கும் துடுப்புக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் புதிய வரி போட்டிருக்கிறார்கள்.

ஐப்பசியில் பெருமழை வந்தது. தூர்த்த கரையில் முட்டிய அலை தன் வழியில் போக இடமில்லாமல் பக்கவாட்டில் திரும்பி, சுவரில்லாத வலைக்குடித் தெருவில் புகுந்தது. காலையில் தெரு இருந்தது, உச்சிவேளையில் இல்லை. பேராச்சியின் தம்பியும் அவன் மனைவியும் கூரையோடு போனார்கள். மிஞ்சியவர்கள் கையில் அகப்பட்ட சட்டி பானையோடு ஓடி மாடங்களின் முன்மண்டபத்தில் ஒண்டினார்கள். அங்கே ஒண்டுவதைக் காவலர் தடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேராச்சியின் மகள் பச்சைப் பிள்ளைக்காரி. பிள்ளை நனைந்து விறைத்துப் போயிருந்தது. வெந்நீர் வைக்க அவர்கள் மூன்று கல்லைக் கூட்டி, நனையாத சுள்ளியைத் தேடிப் பிடித்து நெருப்பு மூட்டினார்கள். சபையின் காவலர் வந்து அதன்மேல் ஒரு குடம் நீரை ஊற்றினார்கள். இங்கே அடுப்பு எரிந்தால் குடியேறியதாகும், குடியேறினால் மாடம் முழுதுக்கும் வரி விழும், வாங்கிய செல்வர்க்கு வரி விழாது என்று சபை வாக்குக் கொடுத்திருக்கிறது, எங்கள் மேல் வருத்தம் கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார்களாம். அவர்கள் இரண்டாம் முறை மூட்டினார்கள். இரண்டாம் முறையும் நீர் ஊற்றப்பட்டது.

கரைக்காவலர் உடைந்த படகுகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தவர், செய்தி கேட்டு ஓடி வந்தார். காவலரை விலகச் சொல்லி, பூட்டிய கதவொன்றைத் தம் ஆட்களைக் கொண்டு உடைத்து, உள்ளே ஒருநாளும் கரி படாத அடுப்பில் தம் கையால் தீ மூட்டினார். தண்ணீர் கொதித்தது. ஆனால் அதற்குள் பிள்ளைக்கு அது தேவைப்படவில்லை. பேராச்சியின் மகள் அந்த வெந்நீரில் கைவிட்டுச் சூடு பார்த்தாள். பார்த்துவிட்டு, குளிப்பாட்டித்தான் கொடுப்பேன் என்று சொல்லிக் குளிப்பாட்டினாள். இத்தனை ஆண்டு அரசாங்க உத்தியோகத்தில் கரைக்காவலர் அழுதது அன்றைக்குத்தான். அதை இங்கே எழுத அவருக்கு வெட்கமில்லை.

பிறகு நடந்ததைக் கேளும். அந்த அடுப்பினால் மாடம் குடியேறியதாகக் கணக்காகி வரிக்கு உள்ளாயிற்று என்றும், அரசின் அமைச்சரே மூட்டியதால் அந்த இழப்பையும் அரசே தர வேண்டும் என்றும் பொற்கிழார் வழக்கிட்டார். அவை அவர் பக்கமே தீர்த்தது. கரைக்காவலரின் முத்திரை மோதிரம் பறிக்கப்பட்டது. பிள்ளையைப் பற்றி அவையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சில நாள் கழித்துப் பெருமாள் அவரைத் தனியே அழைத்தார். பெருமாள் கொடியவர் அல்லர். சிறுவயதில் கரைக்காவலரின் தோளில் ஏறி அலை எண்ணியவர். ஆகையால்தான் மனம் இவ்வளவு கசக்கிறது. சபைக்குத் தாம் பட்ட கடன் கழுத்தை நெரிக்கிறது என்றும், ஆம்பற்கழிக் கழிமுகம் அவர்கள் கைக்குப் போனால் அக்கடனில் ஒரு பகுதியைத் தள்ளிவிடுவதாகப் பொற்கிழார் வாக்களித்திருக்கிறார் என்றும், அமைச்சர் போய்க் கயிறு பிடித்துத் திரும்பினால் மோதிரம் திரும்பக் கிடைக்கும் என்றும் அவர் சொன்னார். சொல்லும்போது அமைச்சரின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அரியணைக் கைப்பிடியில் அந்தச் சந்தன மாடம் இன்னும் இருக்கிறது, நுனி உடைந்திருக்கிறது.

ஆகவே மைத்துனரே, உமது கரையைக் கொண்டு இங்கே கடன் தீர்க்கப் பார்க்கிறார்கள். ஆம்பற்கழியும் வெகுதூரத்திலிருந்து தெரிய வேண்டும், உயர்ந்து நிற்க வேண்டும் என்று உமது ஓலையில் இருமுறை எழுதியிருக்கிறீர். நீர் உயரம் குறைந்தவர் என்பதைத் தங்கை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. உமக்கு ஏன் இந்த ஆசை வந்தது என்று தெரியவில்லை. இரண்டு ஓலைகளில் எதை நம்புவது என்ற ஐயம் இருந்தால், சங்குதுறைக்கு ஒரு மாலை வேளையில் படகில் வாரும். விளக்கு வைக்கும் நேரத்தில் கடலில் நின்று அந்த மாடங்களைப் பாரும். எத்தனை சாளரத்தில் வெளிச்சம் தெரிகிறதோ அத்தனை நம்பிக்கையை அரண்மனை ஓலைக்குக் கொடும்.

கரைக்காவலர் கயிறு பிடிக்க வரமாட்டார். தங்கை பிறந்த வீட்டில் கயிறு பிடிக்க உரிமையுள்ள ஆண் வேறு ஒருவரும் இல்லை. இதனால் மோதிரம் போவதோடு வீடும் நிலமும் போகும் என்பதை அறிந்தே இதை எழுதுகிறார்.

இந்த ஓலையைச் சுமந்து வரும் தூதரின் படகுக்குப் பின்னால் வேறு சில படகுகளும் வரும். அவற்றில் பேராச்சியும் அவள் மகளும் வலைக்குடியில் எஞ்சியோரும் இருப்பார்கள். கழிமுகம் தங்கையின் சொத்து. அதில் இவர்களைக் குடியேற்றுமாறு அண்ணன் தங்கையை வேண்டுகிறார். அவள் மறுக்கமாட்டாள் என்று தெரியும். மறுப்பாளாயின் அவளே தன் கையால் எழுதட்டும்.

வழக்கு தந்த உரிமையால் இடும் கட்டளை இது. சீதனக் கழிமுகத்தில், வற்றமாயினும் ஏற்றமாயினும், எந்த நல்ல நேரத்திலும் பிடியானை நடக்கலாகாது. மீறி நடந்தால் அத்தானம் செல்லாது. பெற்றவரும் பிடித்தவரும் குடிகளின் முன் விடை சொல்லக் கடவர். யானையைக் கொட்டிலில் கட்டுக. அலையாத்திக் காட்டை வெட்டற்க. அலைவாய்க் கரையை யார் பெயருக்கும் எழுதற்க.

முத்திரை மோதிரம் இல்லாமையால், தங்கையின் திருமணத்தன்று சீதன ஓலையில் மஞ்சள் தோய்த்து வைத்த அதே கட்டைவிரலை இங்கேயும் மஞ்சள் தோய்த்து வைத்திருக்கிறார் காரி நக்கனார். அந்த ஓலை தங்கையின் பேழையில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ரேகை ஒத்துப் பார்த்துக்கொள்க.

படகுகள் கரை சேர்ந்ததும் பேராச்சியின் மகள் முதலில் இறங்கட்டும். அவள் அடுப்பு மூட்டுவாள். அந்த நெருப்பை ஒருவரும் அணைக்கலாகாது.